உங்களுக்குத் தெரியுமா? காலையில் கிரயம், மாலையில் கைமாற்று!

திண்டுக்கல்லில் பழனி சாலை, நத்தம் சாலை, கரூர் சாலை என எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கல் ஊன்றிக் கொடி கட்டிய பிளாட்டுகள் கண்ணில் படும். டீக்கடை பெஞ்சில், காலையில் இடத்தை வாங்கி மாலையில் கைமாற்றி லட்சம் பார்த்தவர் கதை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது நடக்கிற காரியமா? நடந்தால் லாபம் யாருக்கு, செலவு யாருக்கு?

● வாங்கிய இடத்தை அன்றே விற்கக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி, பதிவான கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்தே செல்லும். ஆகவே காலையில் வாங்கியவர் மாலையிலேயே முழு உரிமையாளராக நின்று விற்கலாம்.

● ஒரே நாளில் இரண்டு பத்திரம் என்றால் எது முந்தியது? தாக்கல் செய்த நாள், மணி, இடம் மூன்றையும் சார்பதிவாளர் பத்திரத்திலேயே குறிக்க வேண்டும். ஆவண எண்ணும் வரிசையாகவே விழும். ஆண்டு பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வில்லங்கச் சான்றில் ஒரே தேதியில், ஒரே சர்வே எண்ணில் இரண்டு கிரயம் இருந்தால் அது ‘கைமாற்று’ இடம் என்று புரிந்துகொள்ளலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம்.

● தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் இந்த 9%. பேச்சுக்கு ஒரு கணக்கு: 10 லட்சத்துக்கு வாங்கி அன்றே 11 லட்சத்துக்கு விற்றால், முதல் பத்திரத்துக்கு 90,000, இரண்டாவதற்கு 99,000. நடுவில் நின்றவருக்குத் தன் பதிவுச் செலவு போக மிஞ்சுவது வெறும் 10,000. அரசுக்கோ ஒரே நாளில் 1,89,000 ரூபாய்!

● அந்த 7 சதவீதத்தில் 5 மட்டுமே முத்திரைத் தீர்வை. மீதி 2 சதவீதம் சொத்து மாற்று மீதான கூடுதல் வரி. மாநகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்குப் போகிறது. இடம் எத்தனை முறை கைமாறினாலும் அத்தனை முறையும் கட்டியாக வேண்டும்.

● 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு.

● இந்த 9 சதவீதத்துக்குப் பயந்துதான் நடுப் பத்திரத்தையே தவிர்க்கிறார்கள். உரிமையாளரிடம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடுவார் ஒருவர். ‘என் பேருக்கோ, நான் காட்டும் நபர் பேருக்கோ கிரயம் செய்து தர வேண்டியது’ என்று அதில் ஒரு வரி இருக்கும். வேறு ஆளைப் பிடித்துக் கூடுதல் விலை பேசி, உரிமையாளரிடமிருந்து நேரே அந்த ஆளுக்குப் பத்திரம் முடிப்பார். நடுவில் நின்றவர் பெயர் கிரயப் பத்திரத்தில் எங்குமே இருக்காது. டீக்கடைக் கதைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

● ஆனால் அக்ரிமெண்ட் வைத்திருப்பவர் உரிமையாளர் அல்ல. விற்பனை ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் எந்த உரிமையையும் தராது என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு. உரிமையாளர் மனம் மாறினால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும், சொத்து சம்பந்தமான பவர் பத்திரத்தையும் பதிவது கட்டாயம்.

● பவர் வாங்கிவிட்டால் இடமே வந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. 2011 அக்டோபர் 11-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நினைப்பைத் தகர்த்தது: பவரும் ஒப்பந்தமும் சேர்ந்தாலும் அது கிரயம் ஆகாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவரும் அத்தோடு முடிந்தது. குடும்பத்தாரல்லாத ஒருவருக்கு விற்பனை அதிகாரத்தோடு பவர் எழுத முன்பு 10,000 ரூபாய் கட்டணம் இருந்தது. 2023 ஜூலை 10 முதல் அது சொத்தின் சந்தை மதிப்பில் 1%.

● விலை மலிவாக இருக்கிறதே என்று கைமாற்றுக்காரர்கள் அங்கீகாரமில்லாத மனைகளை நாடிய காலம் ஒன்று இருந்தது. 2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டதும், அட்வான்ஸ் கொடுத்தவர்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். மறு ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்த பிறகே சிக்கல் தளர்ந்தது.

● முகூர்த்த நாட்களில் பத்திரப் பதிவுக்குக் கூட்டம் அலைமோதும். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100 டோக்கன் என்பதை அந்த நாட்களில் 150 ஆக்குவார்கள். இரண்டு சார்பதிவாளர் இருந்தால் 200 என்பது 300 ஆகும். இரண்டாவது பத்திரத்தில் முதல் பத்திரத்தின் எண்ணைக் காட்ட வேண்டும் என்பதால், ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைப்பவர் காலை டோக்கனை விட்டால் அன்றைய வியாபாரம் போச்சு!

● மனையை 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம்; மற்ற வருமானத்தோடு சேர்த்து வரி. லாபத்துக்கு விற்கவே வாங்கியது என்று தெரிந்தால், ஒரே ஒரு தடவை செய்திருந்தாலும் வியாபார வருமானமாகவே பார்க்கப்படலாம்.

● இதற்கு வழிகாட்டியான வழக்கு நம் பக்கத்து ஊரில் பிறந்தது. கோவை ஜனார்தனா மில்லின் நிர்வாக ஏஜெண்டாக இருந்த ஜி. வெங்கடசாமி நாயுடு அண்ட் கம்பெனி, மில்லை ஒட்டிய நான்கு மனைகளை 1941-42இல் 8,713 ரூபாய் 15 அணாவுக்கு வாங்கியது. 1947-இல் அதே மில்லுக்கு 52,600 ரூபாய்க்கு விற்றது. மில்லுக்கு விற்கும் நோக்கத்தோடுதான் வாங்கினார்கள், ஆகவே இது வியாபாரத் தன்மை கொண்ட முயற்சி என்று 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஐந்து வருஷம் கையில் வைத்திருந்ததற்கே இந்தத் தீர்ப்பு!

● விவசாய நிலத்துக்கு வரியே இல்லை என்பது பாதி உண்மை. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் இருக்கும் நகரத்தின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் அது வரியில்லாத கிராமப்புற நிலம். 2011 கணக்கெடுப்பிலேயே இரண்டு லட்சத்தைத் தாண்டிய திண்டுக்கல்லுக்கு இந்த 6 கிலோமீட்டர் கணக்குதான். பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் பேரூர்களைச் சுற்றியும் 2 கிலோமீட்டர் வட்டம் உண்டு. வாங்கி விற்பதே தொழில் என்றானால் எந்த வட்டத்துக்கு வெளியே இருந்தும் பயனில்லை.

● வெளிநாடுகளில் கைமாற்றின் வேகத்துக்கு நேரடியாகவே கடிவாளம் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை ஓராண்டுக்குள் விற்பவர் 16% முத்திரை வரி கட்ட வேண்டும். கனடாவில் 2023 முதல், 365 நாட்களுக்குள் விற்ற வீட்டின் லாபம், மரணம், மணமுறிவு போன்ற காரணங்கள் இருந்தாலன்றி, வியாபார வருமானம். அமெரிக்காவில் ஒரே நாளில் இரண்டு கிரயம் முடிப்பதற்கு ‘டபுள் குளோசிங்’ என்று பெயர். அந்த ஒரு நாளுக்கு மட்டும் கடன் தரும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் விற்பவர் வாங்கி 90 நாள் ஆகாத வீட்டுக்கு, சில விலக்குகள் தவிர, அங்குள்ள மத்திய வீட்டுவசதி நிர்வாகம் கடன் காப்புறுதி தராது.

● சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் 1 முதல் தடை. மீறி வாங்கினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம்.

● நடுவில் நின்றவரின் லாபத்துக்கு யார் வரி கட்டுகிறார்கள் தெரியுமா? உரிமையாளர் கேட்டது 10 லட்சம், நீங்கள் கொடுத்தது 12 லட்சம், பத்திரத்தில் இருப்பது 10 லட்சம் என்று வையுங்கள். நாளை நீங்கள் 15 லட்சத்துக்கு விற்றால் உங்கள் லாபம் 3 லட்சம். பத்திரப்படி 5 லட்சம். அந்த 2 லட்சத்தை வாங்கிப் பையில் போட்டவர் ஒருவர், அதற்கும் சேர்த்து வரி கட்டுபவர் நீங்கள்!

● இதற்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. அக்ரிமெண்ட்காரரையும் ஒப்புதல் தரும் தரப்பாகக் கிரயப் பத்திரத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்கலாம். உரிமையாளருக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று செக் எண்ணோடு எழுதலாம். 9 சதவீதமும் ஒரே ஒரு முறைதான், மொத்தத் தொகைக்கு. அந்த அக்ரிமெண்டை வைத்து அவர் பிறகு வழக்குப் போடும் வாய்ப்பும் அடைபடும். இதற்குச் சம்மதிக்காத ஆளிடம் சென்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.