பிரார்த்தனை சொல்லும் கிளாரினெட்

கிளாரினெட் என்றதும் நம்மவர்களுக்கு ஏ.கே.சி. நடராஜன் நினைவுக்கு வருவார். மேற்கத்தியக் கருவியில் கர்நாடக ராகங்களை உருக உருக வாசித்தவர் அவர். அதே கருவி கிழக்கு ஐரோப்பாவில் யூதர்களின் கல்யாண வீடுகளுக்குள் நுழைந்து, 'கிளெஸ்மர்' எனப்படும் அவர்களின் இசைக்குத் தலைமைக் கருவியாகவே ஆனது. விம்மல், சிரிப்பு, கேலி என மனிதக் குரலின் எல்லாச் சாயலும் அந்த வாசிப்பில் கேட்கும்.

அந்தக் கிளாரினெட்டுடன் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ மட்டும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, 'பார்வையற்ற ஐசக்கின் கனவுகளும் பிரார்த்தனைகளும்'. 1994-ஆம் ஆண்டில் இதை இயற்றியவர் ஒஸ்வால்டோ கோலிஹோவ். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அர்ஜென்டினாவில் குடியேறிய யூதக் குடும்பத்தில் 1960-இல் பிறந்தவர். தாயார் பியானோ ஆசிரியை. வீட்டில் சாஸ்திரிய இசையும் ஜெபாலயப் பாடல்களும் கிளெஸ்மரும் ஒலிக்க, வெளியே டாங்கோ கேட்டு வளர்ந்தார்.

தலைப்பில் வரும் ஐசக், சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் தென் பிரான்சில் வாழ்ந்த யூத ஞானி. எபிரேய எழுத்துகளின் சேர்க்கையிலிருந்தே உலகில் யாவும் பிறக்கின்றன என்று நம்பியவர்.

எழுத்தையே தெய்வமாகக் கண்ட ஒருவரின் பெயரில் அமைந்த இப்படைப்பில் ஒரு சொல்கூட இல்லை! ஆனாலும் இதன் மூன்று பகுதிகளும் யூதர்கள் பேசிய மூன்று மொழிகளைப் போன்றவை என்கிறார் கோலிஹோவ். முதலாவது, பண்டைய அரமேயம். மூன்றாவது, வேதமொழியான எபிரேயம். நடுப்பகுதிதான் மனத்தைப் பிசைகிறது. அது இத்திஷ், அதாவது வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோருக்கு அதுவே தாய்மொழி. ஊர் ஊராக மக்கள் அழிந்தபோது, அந்த ஊர்களின் கல்யாண மேளமும் அடங்கிப்போனது. இந்தப் பகுதியில் பழைய கிளெஸ்மர் ஆட்டப்பாட்டு ஒன்று தயங்கித் தயங்கித் தொடங்கி, பிறகு வெறிபிடித்தாற்போல் சுழல்கிறது. கிளாரினெட் கலைஞருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அவர் வெவ்வேறு அளவுள்ள கிளாரினெட்டுகளை மாற்றி மாற்றி வாசிக்கவும் வேண்டும்.

மூன்றாம் பகுதிதான் உண்மையில் முதலில் எழுதப்பட்டது. மேய்ப்பன் தன் ஆடுகளை எண்ணுவதுபோல் இறைவன் ஒவ்வோர் உயிரையும் எண்ணிப் பார்க்கிறான் என்னும் யூதப் புத்தாண்டுப் பிரார்த்தனை அது. முதலில் அதை ஜெபாலயப் பாடகர் ஒருவர் பாடுவதற்காகவே கோலிஹோவ் எழுதினார். பின்னர் பாடகரின் இடத்தில் கிளாரினெட்டை வைத்தார். நரம்புக் கருவிகள் நீண்ட பெருமூச்சுபோல் இழைய, அதன்மேல் கிளாரினெட் கதறுகிறது.

டேவிட் கிராக்காவரும் குரோனோஸ் நால்வர் குழுவும் வாசித்த ஒலிப்பதிவு 1997-இல் வெளிவந்தது. முழுதாகக் கேட்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். தொடக்கம் மிக மெதுவாக நகரும்; பொறுமை வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் நடுப்பகுதியைக் கேட்டுவிட்டு முதலுக்குத் திரும்பலாம்.