பழைய அம்பாஸிடரின் ரேடியேட்டரைப் பாதுகாத்தல்

நம் சங்க அங்கத்தினர்களில் சிலர் பழைய அம்பாஸிடர் வண்டியை இன்றும் விடாமல் வைத்திருக்கின்றனர். நூல் சிப்பமும் காய்கறிக் கூடையும் சுமந்து சலிக்காத வண்டி அது. ஆயின், உத்தரபாராத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. இனி எஞ்சினின் தலைப்பகுதி விரிசல் கண்டால், மாற்றுப் பாகத்தைத் தேடி அலைய வேண்டியதே. அத்தகைய விரிசலுக்கு வழக்கமான காரணம் அளவு மீறிய உஷ்ணம். அந்த உஷ்ணத்துக்கு வித்திடுவதோ, பலமுறையும் நாம் ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர்தான்.

சாயம் தோய்ப்போருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சவர்க்காரம் நுரைக்காத கிணற்று நீரைக் காய்ச்சினால் அண்டாவின் அடியில் சுண்ணாம்பு ஏடாகப் படிகிறதல்லவா? எஞ்சினுக்குள்ளும் அதுவே நிகழ்கிறது. அங்கே இன்னொரு கேடும் உண்டு. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினின் உடலும் தலையும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டரோ செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் சேர்ந்தது. இவையெல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்திருக்கும்போது இரும்பு அரிக்கப்பட்டுத் துருவாகிறது. துரு சேறாகிப் பின்கோடியிலுள்ள சிலிண்டரைச் சுற்றித் தங்கும். எஞ்சியது ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைக்கும். இத்துடன், ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் வழிப்போக்கு வைத்தியமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அது ஊர் வந்து சேர உதவும். பிறகு ஒழுகாத குழல்களையும் அடைக்கும்.

சுத்தம் செய்ய ஒரு பகற்பொழுது போதும். எஞ்சின் முற்றும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மூடி வெறும் தக்கை அன்று. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி நிறுத்துவது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தேங்கினால் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் நீங்கி, அவ்வளவு நீரும் ஒரே கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போர்த்தித் திருகுவதை நாம் பாதுகாப்பென்று கருதவில்லை.

ரேடியேட்டரின் அடியில் ஒரு வடிகுழாய் உண்டு. எஞ்சினின் பக்கத்தில் இன்னொன்று உண்டு. பலர் முன்னதை மட்டும் திறந்து வேலை முடிந்ததென்று எண்ணிவிடுகின்றனர். பின்னதைத் திறந்தும் நீர் வரவில்லையெனில், கம்பியால் மெல்லக் குத்திச் சேற்றைக் கிளற வேண்டும். பின்னர் லிட்டருக்கு 30 கிராம் வீதம் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து நிரப்பி, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு வடிக்கவும். அடுத்து, குழாய்களைக் கழற்றி, தண்ணீர் வழக்கமாகச் செல்லும் திசைக்கு எதிராகப் பாய்ச்ச வேண்டும்: ரேடியேட்டரில் கீழ்வாய் வழியே செலுத்தி மேல்வாய் வழியே வெளியேற்றுக. பழைய பற்று விட்டுவிடாதபடி விசை மெதுவாக இருக்கட்டும். தெளிந்த நீர் வரும்வரை இது நடக்க வேண்டும். இறுதியில் நீர்த்த சலவை சோடாக் கரைசலால் புளிப்பை முறித்து, மீண்டும் அலச வேண்டும். அலுமினியத் தலை கொண்ட பிற்கால எஞ்சின்களில் சோடாவைத் தொடவே கூடாது.

சுத்தம் செய்தபின் புதிதாக ஒழுக்குக் கண்டால் அமிலத்தின் மீது பழி வேண்டாம். அதுவரை ஓட்டையை மூடியிருந்தது துருவே. ரேடியேட்டரை இறக்கிப் பற்று வைப்பதே வழி.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிர்ந்திருக்கும் என்று சில பட்டறைகளில் கூறுவதுண்டு. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் அதிகம் செலவாகும்; சிலிண்டரும் விரைவில் தேயும். ஐயமிருப்பின், அதைக் கயிற்றில் கட்டி அடுப்பிலுள்ள பாத்திர நீரில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். கொதிநிலை வந்தும் திறக்காவிடில் புதிது வாங்க வேண்டும்.

இனி நிரப்ப வேண்டியது கிணற்று நீர் அன்று. காய்ச்சி வடித்த நீரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த கூலண்டைக் கலக்க வேண்டும். நம் சமவெளியில் உறைபனி இல்லையே என்று கேட்கலாம். நமக்கு வேண்டுவது அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து. பழைய வண்டிக்கு ஏற்றது சிலிக்கேட் சேர்ந்த பழைய வகையே; நெடுங்காலம் உழைக்கும் புது வகைகளில் சில, ஈயப்பற்றுக்கும் பழைய கேஸ்கட்டுக்கும் ஒவ்வாதவை. நிறத்தைக் கண்டு வகையை முடிவு செய்யலாகாது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்தறிக. மருந்தின் வீரியம் குறைந்துவிடுவதால் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் அவசியம்.

ஆடு மாடும் நாயும் வளர்ப்போர் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இத்திரவம் இனிக்கும், ஆயின் கொடிய நஞ்சு, சிறுநீரகத்தை அழிப்பது. சிறு குழந்தைக்குச் சில மிடறே உயிருக்கு ஆபத்து. ஆகையால் வடித்ததைத் திறந்த வாளியில் வைக்காமலும், வாய்க்காலில் கொட்டாமலும், மூடியுள்ள டப்பாவில் அடைத்துப் பெயரெழுதி, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஏற்றுக்கொள்வார்களா என விசாரித்துக் கொடுத்துவிடுக. தரையில் சிந்தியதை மணலிட்டு அள்ளி, அவ்விடத்தை நிறைந்த நீரால் கழுவிய பின்னரே கன்றுகளை அவிழ்த்துவிட வேண்டும்.