ஒஸ்லோ நகரசபைக்குத் தமிழர் வந்த வழி

நோர்வேயில் குடியேறிய முதல் தமிழர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுபவர், யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம். 1956ஆம் ஆண்டு அங்கு சென்ற அவர், நோர்வே மக்களிடம் திரட்டப்பட்ட நிதியுடன் 1967இல் காரைநகரில் 'சீநோர்' மீன்பிடி நிறுவனத்தைத் தொடங்கினார். படகுகளுக்காக ஏற்பட்ட அந்தத் தொடர்பு, தமிழ் இளைஞர்கள் நோர்வேயின் விடுதிப் பள்ளிகளுக்கு மாணவர்களாகச் செல்லவும் வழி திறந்தது. பின்னர் போரினால் அகதிகள் வந்தனர். பலர் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்து, பிறகு ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தனர்.

இலங்கையில் இன வன்செயல் நிகழ்ந்த அதே 1983இல்தான், நோர்வேயில் மூன்று ஆண்டுகள் வசித்த வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. இதற்குப் பிரஜாவுரிமை தேவையில்லை. ஆலைத் தொழிலாளிக்கும் நகரசபை எட்டும் தூரத்துக்கு வந்தது.

இத்தேர்தலில் வாக்காளர் ஒரு கட்சியின் பட்டியலைத் தெரிவு செய்வதோடு, தாம் விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு எதிரே அடையாளமிடலாம். வேறு கட்சிப் பட்டியலிலுள்ள ஒருவரின் பெயரையும் சேர்க்கலாம். எனவே, கட்சி கீழே நிறுத்திய ஒருவரை ஒரு சமூகம் ஒன்றுதிரண்டு மேலே கொண்டுவர முடியும். இது இனரீதியான வாக்களிப்பை ஊக்குவிக்கிறது என்ற விமர்சனம் உண்டு. ஆனால் குடியேறியவர்களின் வாக்களிப்பு வீதம் பொதுச் சராசரியைவிடக் குறைவாகவே இருந்துவருவதால், அந்த அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்றே கூறவேண்டும்.

1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நோர்வே வந்த கம்சாயினி குணரத்தினம், 2007இல் தொழிற்கட்சி சார்பில் ஒஸ்லோ நகரசபைக்குத் தெரிவானபோது அவருக்கு வயது 19. நான்கு ஆண்டுகளின் பின், 2011 ஜூலை 22ஆம் தேதி, உத்தோயா தீவில் அக்கட்சியின் இளைஞர் முகாமில் 69 பேர் கொல்லப்பட்டனர். அங்கிருந்த அவர் ஏரியில் நீந்தி உயிர் தப்பினார். அரசியலை விட்டு விலகவில்லை. 2015இல் துணை மேயரானார்.

அப்பதவியைத் தமிழ் ஊடகங்கள் பெரிதாகக் கொண்டாடின. உண்மையில், ஒஸ்லோவில் 1986 முதல் நிர்வாக அதிகாரம் நகர அரசாங்கத்திடம் உள்ளது. மேயரும் துணை மேயரும் சபையை நடத்தி, நகரின் முகமாக விளங்குகின்றனர்.

2021இல் அவர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானது வேறுவகைப் பாய்ச்சல். அங்கு வாக்களிக்கப் பிரஜாவுரிமை அவசியம். பட்டியலின் வரிசையை மாற்றுவதற்கு அக்கட்சிக்கு அத்தொகுதியில் வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே மாற்றத்தைச் செய்யவேண்டியிருந்ததால், தனிப்பட்ட அடையாளங்களுக்கு நடைமுறையில் பயனிருக்கவில்லை. ஆகவே அந்த ஆசனத்தை அவருக்கு எட்டச் செய்தது தமிழ் வாக்காளரின் அடையாளங்கள் அல்ல, கட்சி அவருக்குப் பட்டியலில் கொடுத்த இடமே.