கணக்கு நம்முடையது, ஏடு யாருடையது?

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி விற்பனைச் சங்கத்துக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். நூல் இருப்பையும் கூலிப் பட்டியலையும் சரிபார்த்து முடித்த பின்னர், நிர்வாகக் குழு உறுப்பினராகிய பெரியவர் ஒருவர் என்னை அணுகினார். "ஐயா, சங்கக் கணக்கு முழுவதும் கணினிக்கு ஏறிவிட்டது. பழைய பேரேடுகளோ அலமாரி நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. இவற்றை எடைக்குப் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் "போடலாம்" என்றோ, "போடலாகாது" என்றோ ஒரு சொல்லில் விடை கூறி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், இக்கேள்விக்கு உரிய விடையை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சாதாரணக் குடும்பத்தினர் நாற்பது ஆண்டுக் காலமாகப் பணம் கொடுத்துக் கற்று வந்திருக்கின்றனர். அவ்வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

வீட்டுக் கணக்குக்கு ஒரு கருவி

அமெரிக்கக் குடும்பங்களில் வாடகை, மின்கட்டணம், கடன் தவணை முதலிய யாவும் நெடுங்காலம் காசோலை மூலமே செலுத்தப்பட்டு வந்தன. எழுதிய ஒவ்வொரு காசோலையையும் அதற்குரிய சிறு குறிப்பேட்டில் பதிந்து, மாத இறுதியில் வங்கி அனுப்பும் கணக்குடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது இல்லத்தாரின் வேலை. சலிப்பூட்டும் இவ்வேலையைக் கணினியே செய்யுமாறு அமைத்தால் என்ன என்னும் எண்ணத்துடன், 1983-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்காட் குக், டாம் புரூ ஆகிய இருவரும் இன்டியூட் என்னும் கம்பெனியைத் தொடங்கினர். அவர்கள் வெளியிட்ட மென்பொருளின் பெயர் குவிக்கன். மென்பொருள் என்பது, இன்ன வேலையை இன்ன முறையில் செய்க என்று கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதியாகும்.

குவிக்கன் மக்களிடையே பரவியதற்குக் காரணம் எளிது. கணினித் திரையில் காசோலை காசோலையாகவே தோன்றிற்று. குறிப்பேடு குறிப்பேடாகவே தோன்றிற்று. கணக்கியல் கல்லாதவரும் அதனைக் கையாள முடிந்தது. பின்னர், வங்கியிலுள்ள பற்று வரவுகள் கணினித் தொடர்பு வழியே தாமாகவே வந்து ஏட்டில் பதியும் வசதியும் ஏற்பட்டது.

1991-இல் மைக்ரோசாப்ட் கம்பெனி 'மணி' என்னும் போட்டி மென்பொருளை வெளியிட்டது. 1994-இல் அக்கம்பெனி இன்டியூட்டையே விலைக்கு வாங்க முற்பட்டது. போட்டி ஒழிந்துவிடும் என்று அமெரிக்க நீதித்துறை 1995-இல் வழக்குத் தொடரவே, அம்முயற்சி கைவிடப்பட்டது. சாதாரண மக்களின் வீட்டுக் கணக்கு எத்துணைப் பெரிய வாணிகமாக வளர்ந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

புதுப் பதிப்பு எவருக்குத் தேவை?

கைத்தறி ஒன்றை நாம் வாங்கினால் அது நம்முடையது. தேவையென்று தோன்றினால் டாபி பொருத்திக்கொள்கிறோம். இல்லையேல் பழையபடியே நெய்கிறோம். தறி செய்து கொடுத்த தச்சர் மூன்றாண்டு கழித்து வந்து, "புதுத் தறி வாங்காவிட்டால் இனிப் பாவு ஓடாது" என்று கூறுவதில்லை.

மென்பொருள் வாணிகத்தின் தன்மை வேறு. வேண்டியவர் அனைவரும் ஒருமுறை வாங்கி முடித்தபின், அடுத்த ஆண்டில் கம்பெனி எதனை விற்கும்? ஆகவே ஆண்டுதோறும் ஆண்டின் பெயர் தாங்கிய புதுப் பதிப்பு வெளிவரத் தொடங்கிற்று. நியாயத்தையும் இங்குக் கூறவேண்டும். கணினிகளின் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. வங்கிகளின் பாதுகாப்பு முறைகளும் மாறுகின்றன. அவற்றுக்கேற்ப மென்பொருளைத் திருத்துவோருக்கு ஊதியம் வேண்டும். ஆதலின் புதுப் பதிப்பு என்பதே குற்றமன்று. அது புகுத்தப்பட்ட முறையில்தான் வாடிக்கைக்காரர்கள் மனக்கசப்புற்றனர்.

முதலாவது குறை, காலக்கெடு. குவிக்கனின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ மூன்றாண்டு எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லை முடியும் ஆண்டின் ஏப்ரல் 30-ஆம் தேதிக்குப் பின், வங்கிப் பதிவுகள் தாமாக வந்து சேரும் வசதி நிறுத்தப்படும். கையால் எழுதிக்கொள்ளலாம், ஆனால் எந்த வசதிக்காக வாங்கினார்களோ அது போய்விடும். புதியதில் தமக்கு வேண்டியது ஒன்றும் இல்லாதவர்களும், இருப்பதை இழக்காமல் இருப்பதற்காகவே மீண்டும் விலை கொடுக்க நேர்ந்தது.

இரண்டாவது, திரும்பி வர இயலாமை. பழைய கணக்கைப் புதுப் பதிப்பில் திறந்தவுடன் அது புது அமைப்புக்கு மாற்றப்பட்டுவிடும். மாற்றப்பட்ட கணக்கைப் பழைய பதிப்பு படிக்காது. மாற்றத்துக்கு முந்தைய நகல் இருக்குமாயினும், இரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு, "பழையதே நன்று" என்று திரும்புபவர், அவ்விரு மாதக் கணக்கையும் மறுபடி எழுதியாக வேண்டும்.

மூன்றாவது, புதியதில் பழையதைவிடக் குறைவாக இருத்தல். ஆப்பிள் கம்பெனியின் மாக் கணினிகளுக்கென வந்த 2007-ஆம் ஆண்டுக் குவிக்கன், பழைய வகைக் கணினிச் சில்லுக்காக அமைக்கப்பட்டது. புதுவகைச் சில்லுள்ள கணினிகளில் அது ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையால் ஓடிற்று. 2010-இல் இன்டியூட் வெளியிட்ட மாற்று மென்பொருளிலோ, பங்குகளை வாங்கி விற்ற விவரங்களைப் பதிய இடமில்லை. பில் தொகை செலுத்தும் வசதியும் இல்லை. 2011 ஜூலையில் ஆப்பிள் வெளியிட்ட புது இயக்க அமைப்பில் ரொசெட்டா நீக்கப்பட்டது. பழையது ஓடாது, புதியது போதாது என்னும் நிலையில் வாடிக்கைக்காரர்கள் திகைத்தனர். அவர்களுடைய முறையீடுகள் ஓயாமையால், 2012 மார்ச்சில் அதே பழைய மென்பொருளைச் செப்பனிட்டு ஏறத்தாழ 15 டாலர் விலையில் கம்பெனி மீண்டும் வெளியிட்டது.

வெளியேறும் வழி

"பிடிக்காவிட்டால் வேறு மென்பொருளுக்குப் போகலாமே" என்று சிலர் கேட்கலாம். நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கணக்கை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல, இருவருக்கும் பொதுவான எழுத்து முறை ஒன்று வேண்டும். குவிக்கனில் கியூ.ஐ.எப். என்னும் எளிய முறை இருந்தது. அதனை எவரும் படிக்கலாம், எவரும் எழுதலாம். வங்கிகள் பலவும் அம்முறையில் கணக்கு வழங்கி வந்தன. 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில், வங்கிக் கணக்குகளை அம்முறையில் ஏற்றுக்கொள்வதைக் குவிக்கன் நிறுத்திவிட்டது. அதற்கு ஈடாக, இன்டியூட்டிடம் உரிமம் பெற்ற வங்கிகள் மட்டுமே வழங்கக்கூடிய வேறொரு முறை வந்தது. தன் வங்கி உரிமம் பெறவில்லையெனில், வாடிக்கைக்காரர் கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

போட்டியாளரிடம் சென்றவர்களுக்கும் நிலையான இடம் கிட்டவில்லை. மைக்ரோசாப்ட் தன் 'மணி' விற்பனையை 2009 ஜூனில் நிறுத்திற்று. அதன் இணைய வசதிகள் 2011 ஜனவரியில் முடிவுற்றன. எனினும் அக்கம்பெனி நல்ல காரியம் ஒன்று செய்தது. மக்கள் தங்கள் பழைய கணக்கைத் திறந்து பார்க்கும் பொருட்டு, பதிவுரிமைச் சோதனை எதுவுமின்றி இயங்கும் கடைசிப் பதிப்பொன்றை இலவசமாக வழங்கிற்று. அதற்கு 'சன்செட்' என்று பெயர். சூரியன் மறையும் வேளை என்பது பொருள்.

இன்டியூட் 2016-இல் குவிக்கனை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2017-இன் இறுதியில் வெளிவந்த பதிப்பு முதல், ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் முறை போய்ச் சந்தா முறை வந்தது. மின்ட் என்னும் இணையவழிக் கணக்குச் சேவையின் கதையும் இத்தகையதே. 2007-இல் தொடங்கிய அதனை 2009-இல் இன்டியூட் வாங்கிற்று. அதற்குக் கட்டணம் இல்லாமையால் ஏராளமானோர் அதில் சேர்ந்தனர். 2024 மார்ச்சில் அது மூடப்பட்டது. அதே கம்பெனியின் கிரெடிட் கர்மா என்னும் வேறொரு சேவைக்குச் செல்லுமாறு வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் மின்டில் அவர்கள் இனவாரியாக வகுத்திருந்த மாதச் செலவுத் திட்டத்துக்கு அங்கே இடமில்லை.

கோபத்தின் காரணம்

விலையோ சில பத்து டாலர்கள். அதற்காகவா இத்துணைக் கோபம் என்று வியப்புத் தோன்றலாம். கோபம் விலையைப் பற்றியதன்று. மளிகைக் கடைக்காரர் விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போகிறோம். இங்கே அடுத்த கடைக்குப் போகிறவர் தம் இருபது ஆண்டுக் கணக்கையும் விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. வீடு வாங்கிய கடன், பிள்ளையின் படிப்புச் செலவு, வரி கட்டிய விவரம் எல்லாம் அதனுள் உள்ளன. அவற்றை எழுதியவர் அவரே. ஆயினும் திறவுகோல் பிறரிடம் இருக்கிறது.

நெசவாளர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. முன்பணம் பெற்றுப் பாவு வாங்கிய நெசவாளி, கூலி குறைந்தாலும் மாஸ்டர் வீவரை விட்டு விலக இயலாமல் இருந்த காலத்தை நம் முன்னோர் கண்டவர்கள். கட்டு கடனில் இருந்தது. அக்கட்டை அவிழ்ப்பதற்கன்றோ கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன? கணக்கு மென்பொருளில் கட்டு ஏட்டிலேயே இருக்கிறது.

அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் சிலர் மாற்று வழி கண்டனர். குனூகேஷ் என்னும் கணக்கு மென்பொருளின் முதல் நிலையான பதிப்பு 1998-இல் வெளிவந்தது. பல நாட்டுத் தொண்டர்கள் கூடி அதனை ஆக்கி வருகின்றனர். அதற்கு விலையில்லை; அதன் உட்கட்டளைகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இரட்டைப் பதிவு முறையில் கணக்கு எழுதும் அம்மென்பொருள், கியூ.ஐ.எப். முறையையும் ஏற்கிறது. குறையும் உண்டு, கணக்கியல் அறியாதவருக்கு அது தொடக்கத்தில் கடினமாகத் தோன்றும். ஆனால் ஒரு கம்பெனி மூடப்பட்டதனால் நம் கணக்கும் மூடப்பட்டது என்னும் நிலை அதில் இல்லை.

நாம் கொள்ளவேண்டியவை

நம் நாட்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. கணினி நமக்கு வேண்டுவதே. வட்டிக் கணக்கில் பிழை குறையும். அங்கத்தினர் தம் நிலுவையை உடனே அறியலாம். ஆயினும் சங்கத்துக்காக எந்த மென்பொருள் வந்தாலும், பழையது மாறிப் புதுப் பதிப்பு வந்தாலும், நிர்வாகக் குழு பின்வருவனவற்றைக் கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்துகொள்ளல் நன்று.

1. சங்கத்தின் கணக்கு முழுவதையும், வேறு எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய பட்டியலாக எடுக்க முடியுமா? முடியுமெனில், அதனை ஒருமுறை நம் கண்முன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. கட்டணம் நின்றாலோ கம்பெனி மூடப்பட்டாலோ, பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? புதிதாக எழுதவும் முடியுமா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

3. புதுப் பதிப்புக்கு மாறும்போது, மாறுமுன் எடுத்த நகல் தனியே வைக்கப்பட்டதா? ஒரு மாதமேனும் பழையதும் புதியதும் இணையாக எழுதப்பட்டு, இரண்டின் இறுதி இருப்பும் ஒத்துப் பார்க்கப்பட்டதா?

4. ஆண்டு இறுதியில் இருப்புப் பட்டியலும், அங்கத்தினர் வாரியான பங்கு, சேமிப்பு, கடன் நிலுவைகளும் தாளில் அச்சிடப்பட்டுக் கையொப்பத்துடன் வைக்கப்பட்டனவா?

அங்கத்தினர்களும் தத்தம் பாஸ் புத்தகத்தைச் சங்கக் கணக்குடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். "கணினி தவறு செய்யாது" என்று இருந்துவிடலாகாது. கணினி கூட்டலில் தவறுவதில்லை. ஆனால் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்கு மாற்றுகையில் விடுபட்ட பெயரை அது தானாகத் தேடித் தருவதில்லை.

இவற்றையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சுருக்கமாகக் கூறினேன். எப்பதிவேட்டை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு விதிகள் உள்ளன. அக்காலம் முடிந்து, உரிய அனுமதியும் பெற்ற பின்னரே எதனையும் கழிக்கலாம் என்றேன். அதற்கு முன், அவற்றிலுள்ள நிலுவைகள் கணினியில் சரியாக ஏறியுள்ளனவா என்று ஒவ்வொரு பெயராக ஒப்பிட வேண்டும் என்றும் கூறினேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு பேரேட்டை எடுத்துத் தூசி தட்டி, தம் தந்தையார் பங்குத் தொகை செலுத்திய பக்கத்தைக் காட்டினார். மை மங்கியிருந்தது, எனினும் தெளிவாகப் படிக்க முடிந்தது. "இந்தப் பெயர் கணினியில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்" என்றார் அவர். செயலாளர் கணினியைத் திறந்தார். ஒப்பிடும் வேலை அன்றைக்கே தொடங்கிற்று.