டாக்டர் தடுத்தார், சித்தப்பாவை. தாய் அனுப்பினார், மகனை!

சென்னை கடற்கரை சாலையில் பஸ்சில் போகிறவர்கள் மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டிடத்தை தினமும் பார்க்கிறார்கள். இங்கே படித்து மறைந்தவர்களில் 2 பேர் நோபல் பரிசு வாங்கியவர்கள். இருவரும் ஒரே குடும்பம். சித்தப்பா, சர்.சி.வி.ராமன். அண்ணன் மகன், சந்திரசேகர்.

ராமன் 1907-ல் எம்.ஏ. தேறினார். சீமைக்குப் போய் படிக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். ஆனால் அந்த ஊர் குளிர் இந்த உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவ்வளவுதான். கல்கத்தாவில் கணக்கு இலாகா அதிகாரி ஆனார். ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சி! 1917-ல் வேலையை விட்டு பேராசிரியர் ஆனார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

தாயின் பிடிவாதம்

அதே 1930-ல் சந்திரசேகருக்கு இங்கிலாந்தில் படிக்க சர்க்கார் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. வயது 19. வீட்டிலோ தாய் சீதாலட்சுமி நோயில் படுத்திருந்தார். மகன் தயங்கினார். போய்த்தான் ஆகவேண்டும் என்று தாய் ஒரே பிடிவாதம்.

ஜூலை 31-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். நட்சத்திரங்கள் பற்றி கப்பலிலேயே கணக்குப் போட்டார். அதுதான் பிற்பாடு "சந்திரசேகர் எல்லை" என்று பெயர் பெற்றது. 1983-ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தாயை மட்டும் அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1931-ல் அந்த அம்மாள் காலமானார். இப்சன் நாடகத்தை தமிழில் மொழிபெயர்த்தவர் அவர்.

ராமன் 1970-ல் பெங்களூரிலும், சந்திரசேகர் 1995-ல் சிகாகோவிலும் மறைந்தார்கள். அவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அனுப்பி வைத்த தாயின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?