வேலை தெரிந்தால் போதுமா? தாளிலும் தெரிய வேண்டும்!

ஊடகக் கல்வியில் டிப்ளோமா முடித்த நம் இளைஞர்கள் பலர் இன்று மாதச் சம்பளத்தில் இல்லை. இந்த வாரம் ஓர் உணவகத் திறப்பு விழாவுக்குப் பத்திரிகைச் செய்தி எழுதுகிறார்கள். அடுத்த வாரம் ஒரு பொது இயக்கத்தின் முகநூல் பக்கத்தைக் கவனிக்கிறார்கள். அதற்கடுத்து, ஆலயத் திருவிழாவுக்கு நிருபர்களை வரவழைக்கும் பொறுப்பு வருகிறது. 'ஃப்ரீலான்ஸ்' எனப்படும் இந்தச் சுயேச்சைப் பணியில் அவர்கள் செய்திருப்பது ஏராளம். ஆனால், 'ரெஸ்யூமே' எனப்படும் தன்விவரக் குறிப்பிலோ, "பல நிகழ்ச்சிகளில் உதவியிருக்கிறேன்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. உதவியாளருக்கு உதவியாளர் கூலிதானே கிடைக்கும்?

எங்கே தவறுகிறது?

வழக்கமான தன்விவரக் குறிப்பு நிரந்தர வேலைக்காக உருவானது. எந்த நிறுவனம், எந்தப் பதவி, எத்தனை ஆண்டு என்பதே அதன் கணக்கு. சுயேச்சைப் பணியாளருக்குப் பதவியும் இல்லை, ஆண்டுக் கணக்கும் இல்லை. அவரைத் தேடுபவரின் கேள்வியே வேறு. "இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு வேலை முடிய வேண்டும். இதே போன்ற வேலையை இவர் முன்பு செய்திருக்கிறாரா?" என்றுதான் அவர் பார்க்கிறார். ஆகவே, ஊடக அறிக்கை, நிகழ்ச்சி ஏற்பாடு, சமூக ஊடகம் என வேலை வகைப்படி பிரித்து எழுதுவதே பொருத்தம்.

ஒரு வேலைக்கு மூன்று செய்தி

ஒவ்வொரு வேலைக்கும் தேவை என்ன, தாம் செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற மூன்றும் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, "உணவகத் திறப்பு விழாவில் உதவினேன்" என்பதை இப்படி எழுதலாம்: "புதிய உணவகத்தை வட்டார மக்களுக்கு அறிமுகப்படுத்தும் பணி. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் அறிக்கை எழுதி 14 ஊடகங்களுக்கு அனுப்பினேன். 5 ஊடகங்களில் செய்தி வந்தது." வேலை அதேதான், ஆனால் இப்போது அதற்கு உருவம் வந்துவிட்டது.

வந்த செய்தியின் அளவை அளந்து, "இது விளம்பரமாக இருந்தால் இத்தனை ஆயிரம் வெள்ளி" என்று எழுதும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. விளம்பரக் கட்டணம் மக்கள் தொடர்புப் பணியின் மதிப்பாகாது என்று 2010ஆம் ஆண்டிலேயே இத்துறையின் அனைத்துலக அமைப்புகள் பார்சலோனா கோட்பாடுகளில் அறிவித்துவிட்டன. எத்தனை பேர் பதிந்தனர், எத்தனை பேர் வந்தனர், எத்தனை அழைப்புகள் வந்தன என்பதே இன்று எடுபடும்.

எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். ஐவர் சேர்ந்து செய்த வேலையில் தம் பங்கு எதுவோ அதை மட்டுமே எழுத வேண்டும். நம் நாட்டில் இத்துறை சிறியது; ஒரே தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் செய்திருந்தால், பெயரைச் சொல்லாமல் "ஒரு காப்புறுதி நிறுவனம்" என்று குறிப்பிடலாம்.

தமிழ் ஒரு சொத்து

"மொழிகள்: தமிழ், மலாய், ஆங்கிலம்" என்று கடைசி மூலையில் எழுதிவிட்டுப் போவது பெரிய இழப்பு. ஓர் அறிவிப்பு நம் நாட்டில் எல்லா இனத்தவரையும் சென்றடைய, பல மொழி நாளிதழ்களின் கதவையும் தட்ட வேண்டும். தமிழ்ச் செய்தி ஆசிரியர் திருத்தாமல் ஏற்கும் அளவுக்கு எழுதக்கூடியவர், அதை முதல் பக்கத்திலேயே சொல்லி, ஒரு மாதிரியையும் இணைக்க வேண்டும்.

ஊதியமின்றிச் செய்த பணியும் அனுபவமே. பிள்ளை வளர்ப்புக்காக நான்கு ஆண்டுகள் ஒதுங்கியிருந்த ஒரு தாய், அக்காலத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் விளம்பர வேலையைப் பார்த்திருந்தால், அதைத் தொண்டூழியம் என்று வெளிப்படையாகவே எழுதலாம். இடைவெளியையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு வரியில் காரணம் சொன்னால் போதும்.

எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது?

அடையாள அட்டை எண், முழு வீட்டு முகவரி, திருமண நிலை, பெற்றோரின் தொழில் ஆகியவை தேவையில்லை. பலர் கைக்குப் போகும் தாள் இது. மோசடிக்காரர் கைக்கும் போகலாம். அதற்குப் பதிலாக, தொழிலைப் பதிவு செய்திருப்பவர்கள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம். தரும் பதிவு எண்ணைச் சேர்க்கலாம். பில் அனுப்பிப் பணம் பெறும் வேளையில் பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவு கேட்பது அதைத்தான். 1962இல் தொடங்கிய மலேசிய மக்கள் தொடர்புக் கழகத்தில் உறுப்பியம் இருந்தால் அதையும் குறிப்பிடலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

கடந்த ஈராண்டு வாட்ஸ்அப், மின்னஞ்சல் தகவல்களைப் புரட்டினால் மறந்துபோன வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் சிறந்த ஆறைத் தேர்ந்து, இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டும். இணைய இணைப்புகள் ஒரு நாள் மறைந்துபோகலாம்; ஆகவே வெளிவந்த செய்தியைத் தேதியோடு படம் பிடித்து வைப்பது நல்லது. ஒரு வேலை முடிந்த அன்றே அதன் மூன்று செய்திகளையும் குறித்து வைப்பவருக்கு, அடுத்த வேலைக்கான கட்டணத்தைத் தயங்காமல் சொல்லும் துணிவும் தானாக வரும்.