2026 மார்ச் 31-க்குப் பிறகு மதியச் சாப்பாடு உண்டா?

"மார்ச் 31-உடன் பள்ளியில் சாப்பாட்டை நிறுத்தப் போகிறார்களாமே?" வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. நிற்காது. அந்தத் தேதியோடு முடிவது, ‘பி.எம். போஷண்’ என்ற மத்திய மதிய உணவுத் திட்டத்துக்கு 2021-ல் மத்திய அமைச்சரவை கொடுத்த ஐந்தாண்டு ஒப்புதல். எட்டாம் வகுப்பு வரை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் ஒரு வேளைச் சாப்பாடு என்பது 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. அதற்குக் காலாவதித் தேதி கிடையாது.

கவலைப்பட வேண்டியது தேதிக்காக அல்ல, கணக்குக்காக. தானியத்தை மத்திய அரசு தனியாகத் தந்துவிடுகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் சேர்த்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 78 காசு. அதிலும் பெரும்பாலான மாநிலங்களில் மத்தியப் பங்கு 60 சதவீதம்தான்; அதாவது சுமார் 4 ரூபாய் 7 காசு. 2025 மே முதல் 9.5 சதவீத உயர்வு என்று அறிவித்தார்கள். காசில் சொன்னால் 59. (சதவீதத்தில் சொன்னால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும்.)

இந்த உயர்வுக்கு அளவுகோல் ஊரகத் தொழிலாளர் விலைக் குறியீடு. போன தடவையைவிட விலை எவ்வளவு ஏறியது என்று மட்டும் அது சொல்லும். போன தடவை கொடுத்ததே போதுமானதா என்று கேட்காது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 12 கிராம் புரதம் என்று விதி அடுக்குகிறது. அவற்றுக்கான தொகை குறைவாகத் தொடங்கியிருந்தால், குறை ஆண்டுதோறும் சதவீதத்தோடு சேர்ந்து வளரும்.

இன்னொரு சிக்கல், தலைக்கு இவ்வளவு என்பது. 150 பிள்ளைகள் இருந்தால் நாளுக்கு 1,017 ரூபாய். மலைக்கிராமத்தில் 15 பேர் என்றால் 101 ரூபாய் 70 காசு. பிள்ளைகள் பத்தில் ஒரு பங்கு என்பதற்காக அடுப்பு பத்தில் ஒரு பங்கு எரியாது.

இனி மற்ற கேள்விகள். முட்டை? மத்தியக் கணக்கில் கட்டாயமில்லை. தமிழகம் வாரத்துக்கு ஐந்து தருகிறது.

ஒன்பது, பத்தாம் வகுப்பு? தமிழகத்தில் உண்டு, மாநிலச் செலவில்.

காலை உணவு? மாநிலத் திட்டம், மார்ச் 31 அதைத் தொடாது.

சமையலருக்கு? மத்தியத் திட்ட விதிப்படி மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். 2009-ல் வைத்தது.

ஆதார் இல்லாவிட்டால்? சாப்பாட்டை மறுக்கக் கூடாது.

பொருளோ ஆளோ இல்லாமல் சமைக்காத நாளுக்கு? 2015 மதிய உணவு விதிகளின்படி, தானியமும் சமையல் தொகையும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் பிள்ளைக்கு வந்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.